புளிப்பு செர்ரி கெடாம வைக்கறது எப்படி: கூடையில இருந்து ஃப்ரீசர் வரைக்கும்

புளிப்பு செர்ரி முதல் தடவையா கிலோ கணக்குல வாங்கப் போறீங்க, இல்ல ஏற்கெனவே வாங்கிட்டு வந்து கூடையை என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கறீங்கன்னா இது உங்களுக்காக எழுதினது. இந்த விஷயம் எனக்கு ஒரே இடத்துல தெளிவா கெடைக்கல. ஒருத்தர் கழுவிட்டு வைங்கன்னு சொல்வார், இன்னொருத்தர் தண்ணியே படக்கூடாதுன்னு சொல்வார், பாதிப் பேரு இனிப்பு செர்ரிக்குச் சொல்றதை அப்படியே இதுக்கும் சொல்லிடறாங்க, அதை நம்பி வச்சா மூணாம் நாள் டப்பா அடியில சாறு தேங்கி நிக்குது. கேட்டு, அலைஞ்சு, பண்ணிப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா போடறேன், உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான். இந்தப் பழம் இனிப்பு செர்ரியை விட மென்மையானது, தோல் மெல்லிசு, சதையில சாறு அதிகம், அதனால இதை ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கிட்டு ரெண்டு வாரம் சாவகாசமா சாப்பிட முடியாது. வீட்டுக்கு வந்த அன்னைக்கே எவ்வளவு ஃப்ரிட்ஜுக்கு, எவ்வளவு ஃப்ரீசருக்கு, எவ்வளவு ஜாடிக்குன்னு பிரிச்சு முடிச்சிடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்ட பழம்தான் குப்பைக்குப் போகுது.

1. வாங்கறதுக்கு முன்னாடி ஃப்ரீசரைத் தொறந்து பாருங்க

சீசன் ரொம்பக் கொஞ்ச நாள். வடக்குல மிதமான குளிர் இருக்கற நாடுகள்ல ஜூன் கடைசியில ஆரம்பிச்சு ஜூலையோட பெரும்பாலும் முடிஞ்சிடும், ஒரு மரத்துப் பழம் பறிக்கற பக்குவத்துல இருக்கறது ஒண்ணு ரெண்டு வாரம்தான். அதனால வர்றப்ப மொத்தமா வரும், எல்லாரும் மொத்தமாத்தான் வாங்குவாங்க. அந்த வேகத்துல ஃப்ரீசர்ல இடம் இருக்கான்னு பாக்க மறந்துடறோம்.

இடம் மட்டும் பத்தாது, ஒரே நாள்ல எவ்வளவு உள்ள வைக்கலாம்ங்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. 100 லிட்டர் ஃப்ரீசர்னா ஒரு நாளைக்கு புதுசா 3, 4 கிலோ வரைக்கும் வைங்க, அதுக்கு மேல வேண்டாம். அளவுக்கு மீறி அடைச்சா ஃப்ரீசரோட உள் சூடே ஏறிடும், பழம் மெதுவா உறையும், மெதுவா உறைஞ்சா உள்ள பெரிய பெரிய ஐஸ் துகளா உருவாகி சதையைக் கிழிச்சிடும், அப்பறம் வெளிய எடுக்கறப்ப கொழகொழன்னு இருக்குதேன்னு பழத்தைக் குறை சொல்லுவோம்.

சாமான் அதிகம் வேணாம். ஃப்ரீசருக்குன்னே விக்கற கெட்டியான ஜிப் கவர், ஓரம் இருக்கற தட்டு ரெண்டு, பட்டர் பேப்பர், அழியாத மார்க்கர், கொட்டை எடுக்கற கருவி, இவ்வளவுதான். காசு மிச்சம் பிடிக்கணும்னு சாதாரண மெல்லிசு பிளாஸ்டிக் கவர்ல மட்டும் போட்டுடாதீங்க, அது வழியா காத்து உள்ள போய் ரெண்டு மூணு மாசத்துல பழம் வறண்டு வெளுத்துப் போயிடும், மொத்தச் செலவுல கவர்தான் சின்னச் செலவு, அதுல கை வைக்கறது நஷ்டம். காத்தை உறிஞ்சி சீல் போடற மெஷின், உலர்த்தற மெஷின் இதெல்லாம் முதல் வருஷமே வாங்க வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ஒரு சீசன் பண்ணிப் பாருங்க, உங்களுக்கு எந்த வகை சரிப்பட்டு வருதுன்னு தெரிஞ்ச பிறகு அதுக்குத் தகுந்த மாதிரி வாங்கிக்கலாம்.

வாங்கறப்ப இன்னொரு கணக்கும் மனசுல இருக்கட்டும், 1 கிலோ பழத்துல கொட்டையும் காம்பும் போனா 800, 850 கிராம் தேறும். 23 சென்டிமீட்டர் பை (மாவுக்குள்ள பழம் வச்சு ஓவன்ல சுடற பண்டம்) ஒண்ணு பண்ண கொட்டை எடுத்த பழமே 900 கிராம் கிட்ட ஆகும். பாக்கறதுக்குக் கூடை நிறைய இருந்தாலும் கையில மிஞ்சறது குறைவுதான்.

2. பழத்தைப் பாத்து வாங்கறது

செர்ரி பறிச்ச பிறகு பழுக்காது. காயா இருக்கறதை வாங்கி வெளிய வச்சா நிறம் கொஞ்சம் மங்கும், தோல் சுருங்கும், ருசி ஏறவே ஏறாது. அதனால முழுசா கனிஞ்சதைத்தான் வாங்கணும், நாளு போனா இனிக்கும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

நிறத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. மான்ட்மரென்சி மாதிரி வகை முழுசா பழுத்தாலும் பளீர் சிவப்புதான், உள்ள சதை வெளிர் மஞ்சளா இருக்கும், சாறும் தெளிவா இருக்கும். மொரெல்லோ வகைங்க கருஞ்சிவப்பா இருக்கும், சாறும் கருஞ்சிவப்பு. ரெண்டுமே நல்ல பழம்தான். தோல் பளபளப்பா இருக்கா, அழுத்தினா மெல்ல அமுங்கித் திரும்பி வருதா, காம்பு பச்சையா இருக்கா, இதைப் பாருங்க. காம்பு காஞ்சு பழுப்பா ஆயிருந்தா அது பறிச்சு நாளான பழம்.

காம்போட இருக்கற பழம் ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு நாள் அதிகமா தாங்கும், ஏன்னா காம்பைப் பிடுங்கின இடத்துல தோல் தொறந்துடும், சாறு கசியும், பூஞ்சை பிடிக்கறதும் அங்கதான் ஆரம்பிக்கும். மெஷின் வச்சு மரத்தை உலுக்கிப் பறிச்ச பழத்துல காம்பே இருக்காது, அதை வாங்கினா ஃப்ரிட்ஜ்னு யோசிக்காதீங்க, நேரா ஃப்ரீசர் இல்லன்னா அடுப்பு. நீங்களே மரத்துல இருந்து பறிக்கறதா இருந்தா ஒரு சின்னக் கத்தரிக்கோல் எடுத்துட்டுப் போய் காம்பைப் பாதியில வெட்டுங்க. நல்லா கனிஞ்ச புளிப்பு செர்ரியைக் கையால இழுத்தா காம்பும் கொட்டையும் மரத்துலயே நிக்கும், கையில வெறும் சதை வரும், அந்த அளவுக்கு மென்மை. கூடையும் ஆழமா வேண்டாம், அகலமா இருக்கட்டும், மேல இருக்கற பழத்தோட கனத்துலயே அடிப்பழம் கன்னிப் போயிடும். மழை பேஞ்ச மறுநாள் பறிக்கறதையும் தவிர்க்கப் பாருங்க, ஈரத்துல தோல் வெடிச்சிருக்கும், வெடிப்பு மயிரிழை மாதிரி இருந்தா அப்ப கண்ணுக்குத் தெரியாது, மறுநாள் பழுப்புக் கோடா தெரியும்.

3. வீட்டுக்கு வந்ததும் பிரிக்கறது

கார்ல, வெயில்ல, அடுப்பு பக்கத்துல, எங்கயும் விட்டு வைக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள குளிர்ச்சிக்குள்ள போயிடணும். வழி தூரம்னா குளிர்ப்பெட்டி ஒண்ணு எடுத்துட்டுப் போறது நல்லது, ஆனா ஐஸ் மேல பழம் நேரா படாம நடுவுல ஒரு துணி போடுங்க.

ஒரு பெரிய தட்டுல வெள்ளைத் துணி விரிச்சு கொஞ்சம் கொஞ்சமா கொட்டிப் பாருங்க. வெள்ளைத் துணின்னு சொல்றதுக்குக் காரணம், எந்தப் பழம் கசியுதோ அது துணியில சிவப்பா கறை விட்டுக் காட்டிக் குடுத்துடும். இப்ப மூணா பிரிங்க.

தோல் முழுசா, காம்போட, கெட்டியா இருக்கறது முதல் பங்கு, இது ஃப்ரிட்ஜுக்கு.

காம்பு போனது, லேசா மெத்துனு ஆனது, சின்ன வெடிப்பு உள்ளது ரெண்டாவது பங்கு. இதுல தப்பு ஒண்ணும் இல்ல, இன்னைக்கோ நாளைக்கோ கொட்டை எடுத்து ஃப்ரீசருக்கோ அடுப்புக்கோ போயிடணும், அவ்வளவுதான்.

பூஞ்சை வந்தது, புளிச்ச வாடை அடிக்கறது, தொட்டாலே தோல் வழுக்கிக்கிட்டு வர்றது மூணாவது, இது குப்பைக்கு. பூஞ்சை பழத்தை ஒட்டிக்கிட்டு இருந்த பக்கத்துப் பழத்தையும் சேத்துப் போட்டுடுங்க, பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது மறுநாள் மத்ததையும் இழுத்துட்டுப் போகும். மனசு வராம அதை டப்பாவுல திரும்பப் போடறதுதான் எல்லாரும் விழற முதல் பள்ளம்.

4. ஃப்ரிட்ஜ்ல வைக்கறது

கழுவாதீங்க. ஃப்ரிட்ஜுக்குப் போற பழத்தை மட்டும் தின்னறதுக்கு முன்னாடிதான் கழுவணும். காம்புக் குழியில நிக்கற ஒரு சொட்டுத் தண்ணி போதும் பூஞ்சைக்கு.

அகலமான, ஆழமில்லாத டப்பா எடுத்து அடியில டிஷ்யூ பேப்பர் விரிச்சு, ரெண்டு அடுக்கு, மிஞ்சிப் போனா மூணு அடுக்கு பழம் போடுங்க. மேல இன்னொரு டிஷ்யூ. மூடியை லேசா சாய்ச்சு வைங்க, இல்லன்னா ஓட்டை போட்ட கவர்ல டப்பாவோட போடுங்க. இங்க ரெண்டு விஷயம் ஒண்ணுக்கொண்ணு இழுக்கும், பழம் வாடாம இருக்க சுத்தி ஈரப்பதம் வேணும், கிடங்குகள்லயே 90, 95 சதவீதம் ஈரப்பதத்துல, கிட்டத்தட்ட 0 டிகிரியிலதான் வைப்பாங்க, ஆனா ஈரம் பழத்து மேல சொட்டா நிக்கக் கூடாது. காத்து போக வழி வச்சு, சொட்டை உறிஞ்ச பேப்பர் வச்சா ரெண்டும் சரியாயிடும். பேப்பர் நனைஞ்சா மாத்துங்க.

எங்க வைக்கறதுங்கறதும் முக்கியம். கதவுத் தட்டுல வேண்டவே வேண்டாம், தொறக்கற மூடற ஒவ்வொரு தடவையும் அங்க சூடு ஏறும். கீழ் தட்டுல பின்பக்கமா, இல்ல காய்கறி டிராயர்ல ஈரப்பதத்தைக் கூட்டி வைக்கற பக்கமா வைங்க. 4 டிகிரிக்கு மேல போகாம பாத்துக்கோங்க, ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு சின்ன தெர்மாமீட்டர் போட்டுப் பாத்தா பல பேருக்கு ஆச்சரியமா இருக்கும், முகப்புல காட்டற எண்ணும் உள்ள இருக்கற குளிரும் ஒண்ணா இருக்காது. வெங்காயம், பூண்டு பக்கத்துல வைக்காதீங்க, வாடை ஏறிடும்.

இதெல்லாம் பண்ணினா எத்தனை நாள்? காம்போட இருக்கற நல்ல பழம் 5 நாள்ல இருந்து ஒரு வாரம். காம்பு இல்லாதது 2, 3 நாள். இதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. தினம் ஒரு தடவை தொறந்து பாருங்க, கசியறதை எடுத்துடுங்க. ஆனா மொத்த டப்பாவையும் வெளிய எடுத்து மேஜை மேல வச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சு உள்ள வைக்கறது வேண்டாம், குளிர்ந்த பழம் வெளிக்காத்து பட்டதும் வேர்த்துடும், அந்த வேர்வையோட உள்ள போனா கழுவி வச்ச மாதிரிதான். தேவையானதைக் கையில எடுத்துட்டு உடனே மூடிடுங்க.

5. கழுவறதும் புழு பாக்கறதும்

இது ஃப்ரீசருக்கும் அடுப்புக்கும் போற பங்குக்கு. பெரிய பாத்திரத்துல நல்ல குளிர்ந்த தண்ணி ஊத்தி பழத்தை மெதுவா இறக்குங்க, குழாயைத் தொறந்து வேகமா அடிக்க விட்டா தோல் கிழியும். மேல மிதக்கற இலை, சுருங்கின பழம் எல்லாத்தையும் எடுத்துடுங்க.

செர்ரி ஈயோட புழு உள்ள இருக்கலாம், மருந்து அடிக்காத மரத்துப் பழம்னா வாய்ப்பு ரொம்பவே அதிகம். வெள்ளையா, கால் இல்லாம, அரை சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். வெளிய பாத்தா பழத்துல ஒரு இடம் மட்டும் பளபளப்பு போய், அமுங்கி, சில சமயம் ஊசிக் குத்து மாதிரி ஒரு துளை இருக்கும். சந்தேகம்னா பத்துப் பதினைஞ்சு பழத்தைப் பிளந்து பாருங்க, கொட்டையை ஒட்டித்தான் இருக்கும். லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி உப்பு கலந்த தண்ணியில 20, 30 நிமிஷம் போட்டு வச்சா நிறையப் புழு வெளிய வந்துடும், எல்லாமே வரும்னு சொல்ல முடியாது. அப்பறம் நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசிடுங்க.

அலசினதை வடிதட்டுல போட்டு வடிய விட்டு, துணியில பரப்பி ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க.

6. கொட்டை எடுக்கறது

நேரம் பெரும்பாலும் இங்கதான் போகும், அதனால சாயங்காலம் ஏழு மணிக்கு மேல 5 கிலோவை வச்சுக்கிட்டு உக்காராதீங்க.

பழம் குளிர்ந்து இருக்கணும், இதுதான் பெரிய ரகசியம். ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு மணி நேரம் இருந்த பழம் கெட்டியா இருக்கும், கொட்டை வர்றப்ப சாறு அவ்வளவா போகாது. அவசரம்னா ஐஸ் தண்ணியில ஒரு மணி நேரம் போட்டு வைக்கலாம், ஆனா அப்படி ஊறினது அன்னைக்கே முடிஞ்சாகணும், திரும்ப ஃப்ரிட்ஜுக்குப் போக முடியாது.

கருவி இல்லாமலேயும் பண்ணலாம். ஹேர்பின், இல்ல நிமித்தி வளைச்ச பேப்பர் கிளிப்பை காம்புக் குழி வழியா உள்ள விட்டு, கொட்டைக்குக் கீழ கொண்டு போய் லேசா திருப்பி இழுத்தா கொட்டை மட்டும் தனியா வரும், அடிப்பக்கம் கிழியாது, சாறும் உள்ளயே நிக்கும். ரெண்டு கிலோ வரைக்கும் எனக்கு இதுதான் பிடிச்ச முறை. நல்லா கனிஞ்சதுன்னா விரலால பிதுக்கினாலே வந்துடும். ஸ்பிரிங் வச்ச கருவி வாங்கறதா இருந்தா ஒண்ணு கவனிங்க, நிறையக் கருவி இனிப்பு செர்ரி அளவுக்குப் பண்ணினது, புளிப்பு செர்ரி சின்னது, அந்தக் குழியில ஆடும், கொட்டைக்குப் பக்கத்துல குத்திட்டுப் போயிடும், நீங்க கொட்டை வந்துடுச்சுன்னு நினைச்சுப்பீங்க. எந்தக் கருவியா இருந்தாலும் முடிஞ்ச பிறகு பழத்தைக் கைப்பிடி கைப்பிடியா எடுத்து விரலால தடவிப் பாத்துடுங்க, மிஞ்சின ஒரே ஒரு கொட்டை போதும் பல்லை உடைக்க. எத்தனை பழம் போட்டோமோ அத்தனை கொட்டை இருக்கான்னு சின்ன அளவுல பண்றப்ப எண்ணியும் பாக்கலாம்.

கொட்டைக்குள்ள இருக்கற பருப்புல அமிக்டலின்னு ஒரு பொருள் இருக்கு, அது உடைஞ்சு அரைபட்டா சயனைடு உண்டாகும். தெரியாம ஒரு கொட்டையை முழுசா விழுங்கினா பயப்பட ஒண்ணும் இல்ல, ஓடு கெட்டி, அப்படியே போயிடும். ஆனா கொட்டையோட பழத்தை மிக்ஸியில போட்டு அரைக்கவே கூடாது.

சாறு எல்லாத்துலயும் கறை பிடிக்கும். கருப்புச் சட்டை போட்டுக்கோங்க, கையுறை மாட்டிக்கோங்க, துணியில பட்டா உடனே குளிர்ந்த தண்ணியில அலசிட்டு வினிகர் தடவுங்க, காரத்தன்மை உள்ள சோப்பை முதல்லயே போட்டா கறை நீலமா மாறிடும், எடுக்கறது இன்னும் கஷ்டம். பாத்திரம் ஸ்டீல், கண்ணாடி, எனாமல் இதுல ஏதாவது. அலுமினியம், இரும்பு வேண்டாம், புளிப்பு அதோட சேந்து நிறமும் ருசியும் கெடும்.

எடுத்து முடிச்ச பழத்தை வெளிய வச்சிருக்காதீங்க. காத்து பட்ட சதை பழுப்பாகும், வெளிர் வகைகள்ல கண்ணுக்கு முன்னாடியே நடக்கும். அரைக் கிலோ முடிஞ்சா அதை உடனே உள்ள வச்சுட்டு அடுத்த அரைக் கிலோ.

7. ஃப்ரீசர், மூணு விதம்

என்னைக் கேட்டா புளிப்பு செர்ரிக்கு இதை விட நல்ல வழி இல்ல. ருசி, நிறம் ரெண்டும் நிக்கும், கெட்டித்தன்மை மட்டும் போகும்.

தனித்தனியா உறைய வைக்கறது: தட்டுல பட்டர் பேப்பர் விரிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஒரே அடுக்கா பரப்புங்க. தட்டை ஃப்ரீசர்ல சாயாம சமமா வைங்க. நாலஞ்சு மணி நேரத்துல கல்லு மாதிரி ஆயிடும், ராத்திரி வச்சு காலையில எடுத்தாலும் சரி, அதுக்கு மேல தட்டுலயே விடாதீங்க, மூடாத பழம் வறண்டுடும். கவர்ல கொட்டி, காத்தை முழுசா அமுக்கி வெளிய தள்ளி மூடுங்க. ஒரு ஸ்ட்ரா விட்டு உறிஞ்சினா கடைசிக் காத்தும் வந்துடும். காத்து உறிஞ்சற மெஷின் ஏற்கெனவே வச்சிருக்கவங்க பழம் உறைஞ்ச பிறகுதான் அதுல போடணும், உறையாத பழத்தைப் போட்டா சாறு மெஷினுக்குள்ள போயிடும்.

சர்க்கரையில புரட்டி வைக்கறது: பை, ஜாம், சிரப்னு கடைசியில எப்படியும் சர்க்கரை சேரப் போற பழத்துக்கு இது இன்னும் நல்லது, நிறம் ரொம்ப நாள் நிக்கும். கொட்டை எடுத்த பழம் 4 பங்குக்கு 1 பங்கு சர்க்கரை, அதாவது 1 கிலோவுக்கு 250 கிராம். பெரிய அளவுல உறைய வைக்கறவங்க 5 பங்குக்கு 1 பங்குன்னு போடற வழக்கம் உண்டு, அதுவும் சரிதான். சர்க்கரை கரைஞ்சு சாறு விடற வரைக்கும் மெதுவா கிளறி டப்பாவுல ஊத்துங்க. மேல ரெண்டு சென்டிமீட்டர் இடம் விடணும், உறையறப்ப விரியும், கண்ணாடி பாட்டில்ல விளிம்பு வரைக்கும் ஊத்தி வச்சா வெடிக்கும்.

பாகுல வைக்கறது: சமையல் பண்ணாம அப்படியே சாப்பிடறதுக்கு. சர்க்கரையும் தண்ணியும் எடைக்கு எடை சமமா போட்டு கரைச்சு, நல்லா ஆற வச்சு, பழம் முழுக ஊத்தணும். சூடா ஊத்தாதீங்க. பழம் மேல மிதந்தா பட்டர் பேப்பரைக் கசக்கி மேல வச்சு அமுக்கி மூடுங்க.

கொட்டையோடயே உறைய வைக்கலாமான்னு நிறையப் பேரு கேக்கறாங்க. வைக்கலாம், நேரமே இல்லாதப்ப அதுவும் ஒரு வழி, ஆனா மாசக்கணக்குல இருந்தா பாதாம் வாசனை மாதிரி ஒண்ணு சதையில இறங்கிடும், அதனால ரெண்டு மூணு மாசத்துக்குள்ள தீத்துடுங்க. பாதி உருகின நிலையில கொட்டை எடுத்தா சுலபம், முழுசா உருகிட்டா கையில நிக்காது.

மைனஸ் 18 டிகிரியில வச்சா 10, 12 மாசம் வரைக்கும் நல்லா இருக்கும். கவர் மேல நாலு விஷயம் எழுதுங்க: தேதி, எடை, சர்க்கரை போட்டதா இல்லையா, கொட்டை எடுத்ததா இல்லையா. உள்ள போடறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க, குளிர்ந்து ஈரமான கவர்ல மார்க்கர் பிடிக்காது. உங்களுக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவுக்கே ஒரு கவர். ரெண்டு கிலோவை ஒரே கட்டியா வச்சுட்டு அதை உடைக்கறது பெரும்பாடு.

8. ஜாடியில அடைக்கறது

ஃப்ரீசர் இடம் இல்லாதவங்களுக்கு. புளிப்பு செர்ரியோட பிஎச் (புளிப்பைக் காட்டற அளவு, எண் குறைஞ்சா புளிப்பு அதிகம்) 4.6க்கு நல்லாவே கீழ இருக்கு, அதனால கொதிக்கற தண்ணியில ஜாடியை முக்கி வைக்கற முறை போதும், பிரஷர் பாத்திரத்துல வச்சு சூடாக்கத் தேவையில்ல.

பழத்தைத் தண்ணியோ பாகோ சேத்து ஒரு கொதி வர விட்டு, சூடான ஜாடியில நிரப்புங்க, மேல ஒண்ணேகால் சென்டிமீட்டர் இடம். காத்துக் குமிழை ஒரு குச்சியால வெளிய எடுத்து, விளிம்பைத் துடைச்சு, புது மூடி போட்டு, கொதிக்கற தண்ணியில முழுசா மூழ்க வைக்கணும். அரை லிட்டர் ஜாடிக்கு 15 நிமிஷம், ஒரு லிட்டருக்கு 20 நிமிஷம். பச்சையா போட்டு மேல கொதிக்கற பாகு ஊத்தினா எந்த அளவு ஜாடியா இருந்தாலும் 25. இது கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் உயரம் வரைக்கும் இருக்கற ஊருக்கு, அதுக்கு மேல உயரம்னா நேரத்தைக் கூட்டணும், தண்ணி அங்க குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சிடும். கொட்டையோட போடறவங்க ஒவ்வொரு பழத்தையும் ஊசியால குத்திடுங்க, இல்லன்னா வெடிச்சு ஜாடி பூரா தோலா மிதக்கும்.

சூடா ஊத்தி மூடிட்டு ஜாடியைத் தலைகீழா கவுத்து வச்சா போதும்னு ஒரு பழக்கம் இருக்கு, அதை நம்பாதீங்க, மூடி ஒட்டினதாலயே உள்ள இருக்கற கிருமி செத்துடாது. ஒரு நாள் முழுக்க ஆறின பிறகு மூடியோட நடுவுல விரலால அமுக்கிப் பாருங்க, டிக் டிக்னு மேலயும் கீழயும் போனா ஒட்டலன்னு அர்த்தம், அந்த ஜாடி ஃப்ரிட்ஜுக்குப் போகணும், முதல்ல தீரணும். ஒட்டினது இருட்டான, குளிர்ச்சியான அலமாரியில ஒரு வருஷம் வரைக்கும்.

ஜாம் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை: இதுல பெக்டின், அதாவது ஜாமைக் கெட்டியாக்கற பொருள், குறைவு, அதனால பெக்டின் சேக்காம கெட்டியாகலன்னு ரொம்ப நேரம் காய்ச்சினா நிறம் செத்து கரும்பழுப்பா ஆயிடும்.

9. உலர்த்தறது

கொட்டை எடுத்த பழத்தை 57ல இருந்து 60 டிகிரிக்குள்ள மெஷின்ல வைங்க. அளவையும் ஈரத்தையும் பொறுத்து அரை நாளுக்கு மேல இருந்து ஒரு நாள் தாண்டியும் போகும். சூட்டைக் கூட்டி சீக்கிரம் முடிக்கப் பாத்தா வெளித்தோல் காஞ்சு உள்ள ஈரம் மாட்டிக்கும், அதுதான் பின்னாடி பூஞ்சையா வரும். ரெண்டா பிச்சு அழுத்திப் பாருங்க, ஈரம் கசியக் கூடாது, தோல் மாதிரி வளையணும், லேசா ஒட்டணும். வெயில்ல காய வைக்கணும்னா குறைஞ்சது 30 டிகிரி சூடும், 60 சதவீதத்துக்குக் கீழ ஈரப்பதமும் வேணும், அது இல்லாத இடத்துல முயற்சி பண்ண வேண்டாம். வெயில்ல காஞ்சதை ரெண்டு நாள் மைனஸ் 18ல வச்சு எடுத்தா பூச்சி முட்டை இருந்தாலும் போயிடும்.

காஞ்ச உடனே அடைச்சு வைக்காதீங்க. ஜாடியில முக்கால்வாசிக்கும் கம்மியா போட்டு ஒரு வாரம், பத்து நாள் தினம் குலுக்குங்க. கண்ணாடியில உள்பக்கம் ஈரம் படிஞ்சா திரும்ப மெஷினுக்கு. 1 கிலோ பழம் 200 கிராமுக்குள்ள சுருங்கிடும், இதைத் தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க. 15 டிகிரி அலமாரியில ஒரு வருஷம், 27 டிகிரின்னா ஆறு மாசம்.

10. வெளிய எடுக்கறப்ப

சமைக்கறதுக்கு, பேக் பண்றதுக்குன்னா உருக விடாமலேயே போடலாம், நேரம் மட்டும் கொஞ்சம் கூட ஆகும். அப்படியே சாப்பிடணும்னா முந்தின நாள் ராத்திரி ஃப்ரிட்ஜ்ல ஒரு வடிதட்டுல வச்சு அடியில பாத்திரம் வைங்க. வடியற சாறுலதான் பாதி ருசி இருக்கு, கொட்டிடாதீங்க, தனியா சுண்ட வச்சு திரும்ப பழத்து மேலயே ஊத்தலாம். முழுசா உருகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, நடுவுல இன்னும் சில்லுனு இருக்கறப்பவே சாப்பிட்டுப் பாருங்க, அப்பதான் சதை கொஞ்சமாவது கெட்டியா இருக்கும்.

கரன்ட் போனா ஃப்ரீசரைத் தொறக்காதீங்க. நிறைஞ்ச ஃப்ரீசர் மூடியே இருந்தா 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைஞ்சதுன்னா 24. பழத்துல இன்னும் ஐஸ் துகள் தெரிஞ்சா, இல்ல 4 டிகிரிக்குள்ளயே இருந்தா, திரும்ப உறைய வைக்கலாம், பழம் கொஞ்சம் மெத்துனு ஆகும், அடுப்புக்கு உதவும். வீட்டுல இல்லாதப்ப கரன்ட் போயிருக்குமோன்னு சந்தேகம்னா கவரைக் குலுக்கிப் பாருங்க: தனித்தனியா உறைய வச்ச பழம் கடகடன்னு உருளணும். ஒரே கட்டியா ஒட்டிக்கிட்டு, அடியில சிவப்பா ஐஸ் தேங்கி இருந்தா அது நடுவுல உருகி மறுபடி உறைஞ்சது. எவ்வளவு நேரம் உருகிக் கிடந்துச்சுன்னு தெரியாத கவரை ஜாமுக்குக்கூட எடுக்காம போட்டுடுங்க.